நம்ப முடியாத பல்

ஊரில் பாதிக் கடைகளுக்குச் சமூக வலைத்தள விளம்பரம் போட்டுக் கொடுப்பவள் நான். முகப்பருக் களிம்பு, தொப்பை குறைக்கும் ஜிம் என்று வில்லங்கமான படங்களையெல்லாம் ஒரு நிராகரிப்புகூட இல்லாமல் ஏற்றியிருக்கிறேன். அப்படிப்பட்ட எனக்கு என் வீட்டுக்காரரின் கடை விளம்பரம் இரண்டு முறை திரும்பி வந்தது. எரிச்சல் என்றால் அப்படி ஒரு எரிச்சல்.

அவர் பல் செட் செய்பவர். வருடக்கணக்கில் யார் யாரிடமோ வேலை பார்த்துவிட்டு இப்போதுதான் சொந்தமாகக் கடை திறந்திருக்கிறார். கடையில் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அவர் செய்ததிலேயே உயர்ந்த செட் என் மாமனார் வாயில் இருக்கிறது. மாமா அதைக் கழற்றி அவர் மகனைத் தவிர யாரும் பார்த்ததில்லை. விளக்கை அணைத்த பிறகுதான் எடுப்பார், விடிவதற்குள் மாட்டிவிடுவார். பொக்கை வாயோடு அத்தை கண்ணில்கூடப் பட்டதில்லை.

முதலில் மாமாவின் சிரிப்பை மட்டும் பெரிதாக்கிப் போட்டேன். உடம்பின் ஒரு பகுதியை மட்டும் நெருக்கிக் காட்டக் கூடாது என்று திருப்பி அனுப்பினார்கள். அடுத்து எங்கிருந்தோ ஒரு பொக்கை வாய்ப் படத்தைப் பிடித்து இடப்பக்கம் வைத்து, வலப்பக்கம் மாமாவை வைத்தேன். அதற்கு வந்த பதில்: முன்–பின் ஒப்பீடு கூடாது, காட்டப்படும் பலன் நம்பும்படியாக இல்லை.

என் வீட்டுக்காரர் போனை வாங்கி அதை இரண்டு தரம் படித்தார். முகமெல்லாம் பல்.

"நம்ப முடியலையாம்! என் வேலைக்கு இதைவிட என்ன சர்டிபிகேட் வேணும்?"

"அதை ஃப்ரேம் போட்டு மாட்டிக்கோங்க. இன்னொரு தடவை ரிஜெக்ட் ஆனா என் கணக்கையே மூடிடுவாங்க. கடைக்கு ஆள் வரணுமா, வேண்டாமா?"

பல்லைக் கொஞ்சம் மஞ்சளாக்கிப் போடட்டுமா என்று கேட்டேன். அப்பனும் பிள்ளையும் சேர்ந்து என்னைக் கடித்துக் குதறாத குறை. கடைசியில் அவர் தயங்கித் தயங்கி, "அப்பா, செட்டைக் கையில வச்சுக்கிட்டு ஒரே ஒரு போட்டோ..." என்று இழுத்தார்.

"உயிரே போனாலும் நடக்காது," என்று மாமா எழுந்து போய்விட்டார்.

எனக்கும் ரோஷம் வந்தது. பல்லைக் காட்டினால்தானே வம்பு? பல்லால் ஆகும் வேலையைக் காட்டுவோம். அவித்த சோளக்கதிர் ஒன்றை வாங்கி வந்து, மாமாவைக் கடை வாசலில் உட்காரவைத்து நீட்டினேன்.

"முகம் கழுவிட்டு வரட்டுமா?"

"வேண்டாம் மாமா. கடிங்க."

படத்தில் மாமா முழுசாக இருந்தார். கன்னம் உப்பியிருந்தது, மோவாயில் இரண்டு சோளம் ஒட்டியிருந்தது, கதிரில் பாதி வரிசை வரிசையாக மொட்டை. ஒரு பல்கூடத் தெரியவில்லை. 'உங்களுக்குப் பல் இல்லையா?' என்று கேட்பதும் விதிப்படி குற்றம், பார்ப்பவர் குறையைச் சுட்டக் கூடாதாம். அதனால், 'நன்றாக மென்று சாப்பிடுங்கள். பல் செட் செய்து தருகிறோம்' என்பதோடு நிறுத்திக்கொண்டேன். டீ ஆறுவதற்குள் அனுமதி வந்துவிட்டது. காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டேன். உடுப்பில் காலர் இல்லை என்பது வேறு விஷயம்.

விளம்பரத்தைப் பார்த்து முதலில் வந்தது ஓர் அண்ணனும் தங்கையும். அண்ணன் கையால் வாயைப் பொத்தியபடி ஒதுங்கி நின்றார். தங்கை போனில் இருந்த படத்தையும் வாசலில் உட்கார்ந்திருந்த மாமாவையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இவருக்கு இருக்கிறது சொந்தப் பல்லு. செட்டு போட்டவங்க சோளத்தை இப்படிக் கடிப்பாங்களா? யாரை ஏமாத்தப் பாக்குறீங்க?"

என் வீட்டுக்காரர் பிளாஸ்டர் அச்சு, மெழுகு என்று எதையெதையோ எடுத்துக் காட்டினார். வாய் குழறியது. அவள் காதிலேயே போட்டுக்கொள்ளவில்லை.

"வாங்கண்ணா, போகலாம்," என்று படி இறங்கினாள். போச்சு, எல்லாம் போச்சு என்று நான் நின்றேன்.

"நில்லும்மா," என்று மாமா எழுந்தார்.

வாய்க்குள் விரலை விட்டார். மேல் வரிசை வந்தது, பிறகு கீழ் வரிசை. இரண்டையும் உள்ளங்கையில் வைத்து நீட்டினார். கன்னம் ஒட்டி, மோவாய் மேலேறி, நான் அதுவரை பார்த்தேயிராத ஒரு முகம் நடுத்தெருவில் நிமிர்ந்து நின்றது.

"எம் பையன் செஞ்சது." பேச்சு பாதி காற்றாகத்தான் வந்தது. "கிட்ட வந்து பாருங்க."

என் வீட்டுக்காரர் அச்சைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார்.

அண்ணன் வாயிலிருந்து கையை எடுத்தார். குனிந்து உற்றுப் பார்த்தார். நேராக உள்ளே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

மாமா என் பக்கம் திரும்பினார். செட் இன்னும் அவர் கையில்தான் இருந்தது.

"இப்ப எடும்மா போட்டோ."

எடுத்தேன். விளம்பரத்துக்கு அனுப்பினால் போன வேகத்தில் திரும்பி வரும். அதனால் அனுப்பவில்லை. ஆள் உயரத்துக்குப் பெரிதாக்கிக் கடை வாசலில் மாட்டிவிட்டோம்.