ரெஜினாவின் கோபத்தைக் கேட்ட மீன்கள்

எங்கள் ஏரியில் டிரவுட் மீன்களுக்கு எந்த இரையைப் போடுவது என்பதை மீன்களே முடிவு செய்கின்றன. மழைக்காலம் முடிந்ததும் ஒரு பெரிய மீன் கரையோரம் வந்து ஒவ்வொரு வீட்டுக்கும் உரிய இரையைச் சொல்லும். மண்புழு, மாவு உருண்டை, மினுங்கும் தகடு எதையும் அவை தொடுவதில்லை. வீட்டில் இருப்பவர்களிடமிருந்து ஏதாவது ஒன்றைக் கேட்கும். எல்லா வீடும் கொடுத்த பிறகுதான் ஊரில் யாருக்கும் மீன் கிடைக்கும்.

தபால்காரர் ஆரி தான் வாயால் அடிக்கும் சீட்டியைக் கொடுத்தார். டீக்கடை மேரிபுஷ்பம் தன் தம்பியின் முகத்தைக் கொடுத்தாள். இப்போது அவன் கடைக்கு வந்தால், "சாருக்கு என்ன வேணும்?" என்று கேட்கிறாள். போன வருஷம் என்னிடம் 'முடியாது' என்ற சொல்லைக் கேட்டன. கொடுத்தேன். அன்று கிடைத்த மீன் ருசியாகத்தான் இருந்தது. அதன்பிறகு என் ஏணி, சைக்கிள், கம்பளிக் கோட்டு எல்லாம் வேறு வேறு வீடுகளில் இருக்கின்றன.

இந்த வருஷம் என் மனைவி ரெஜினாவின் கோபத்தைக் கேட்டன. கல்குவாரி லாரிகள் ஊருக்குள் வந்தபோது அவற்றைத் திருப்பி அனுப்பியது அந்தக் கோபம்தான்.

ரெஜினா தர மறுத்துவிட்டாள். சேவல் இறகைச் சிவப்பு நூலால் கொக்கியில் சுற்றி, பார்த்தால் பூச்சி போலிருக்கும் ஒன்றைக் கட்டினாள். அதை ஏரியில் வீசியதும் பெரிய மீன் மேலே வந்து பார்த்தது.

"இது பூச்சி இல்ல. இறகு."

"இறகுதான். இதான் போடுவேன்."

"நாங்க கேட்டது கோபம்."

"அப்ப பட்டினி கிட."

மீன் உள்ளே போய்விட்டது. ரெஜினா தினமும் காலையில் போய் அதே இறகை வீசினாள். ஊரில் மீன் வாசனையே இல்லாமல் போனது. கடைசியில் ஏரிச் சங்கச் செயலாளர் ஜோகி அண்ணன் என்னைத் தேடி வந்தார்.

"லூர்து, உன் சம்சாரம் மத்தியானம் தூங்குமில்ல? அப்பக் கோபத்த எடுத்துட்டு வந்துடு. ஊருக்காகத்தான சொல்றேன்."

"சரிண்ணே" என்றேன். வேறு சொல் என்னிடம் இல்லை.

ரெஜினா தூங்கும்முன் கோபத்தைக் கழற்றிச் சமையலறை அலமாரியில் உப்பு ஜாடிக்குப் பக்கத்தில் வைப்பாள். அன்று மத்தியானம் அதைக் கைத்துணியால் பிடித்தும் சுட்டது. தூக்கிக்கொண்டு நடந்தேன். சூடு உள்ளங்கையிலிருந்து முழங்கைக்கும், அங்கிருந்து நெஞ்சுக்கும் ஏறியது. டீக்கடைக்கு முன்னால் வந்தபோது எனக்கு ஒன்று தோன்றியது. சொல்தான் போயிருக்கிறது. கால்கள் என்னுடையவை. நடுரோட்டில் உட்கார்ந்துகொண்டேன்.

ஜோகி அண்ணன் ஓடி வந்தார். "எந்திரி லூர்து."

"சரிண்ணே."

"ஏரிக்கு நட."

"சரிண்ணே."

நான் எழுந்திருக்கவில்லை. அவர் என் தோளைப் பிடித்து இழுத்தார். சரிண்ணே, சரிண்ணே என்று சொல்லிக்கொண்டு ரோட்டை இன்னும் அழுத்தி உட்கார்ந்தேன். மேரிபுஷ்பம் பாய்லரை அணைத்துவிட்டு வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஆரி தபால் பையை மடியில் வைத்துக்கொண்டு அவளுக்கு அடுத்து உட்கார்ந்தார். ஒரு பஸ் வந்து பார்த்துவிட்டு எங்களுக்குப் பின்னால் நின்றது.

ரெஜினா தூங்கி எழுந்து, தூண்டிலோடு வந்து சேர்ந்தாள். என் கையைப் பிரித்துப் பார்த்தாள். கொப்புளம் போட்டிருந்தது.

"இவ்வளவு நேரமா வச்சிட்டிருந்தே?"

"சரி" என்றேன்.

அவள் கோபத்தை வாங்கி மாட்டிக்கொண்டாள். ஜோகி அண்ணன் கொஞ்சம் பின்னால் நகர்ந்தார். எல்லோரும் ஏரிக்கு நடந்தோம்.

ரெஜினா இறகை வீசினாள். பெரிய மீன் வந்தது. இளைத்திருந்தது.

"இந்த இறகு யாருது?" என்று கேட்டது.

"எங்க வீட்டுச் சேவலுது."

"அது சம்மதிச்சுதா?"

"கேட்டேன். ரெண்டு எடுத்துக்கோன்னுச்சு. ரெண்டுதான் எடுத்தேன். வேண்டாம்னு சொல்லியிருந்தா விட்டிருப்பேன். நீ என்னிக்காவது எங்க யாருகிட்டயாவது அப்படிக் கேட்டிருக்கியா?"

மீன் இறகை ஒரு சுற்றுச் சுற்றி வந்தது. பிறகு வாயைத் திறந்து இறகைக் கவ்வியது. ரெஜினா நிதானமாக இழுத்தாள்.

மீனைக் கூடையில் போட்டுக்கொண்டு கிளம்பும்போது மழை பிடித்தது. கீழிருந்து மேலாக, ஏரியிலிருந்தும் ரோட்டிலிருந்தும் மேகத்தைப் பார்த்துப் பெய்தது. குடையைத் தலைகீழாக விரித்து, காலடியில் தாழ்த்திப் பிடித்தபடி, இருவரும் ஒரே குடையில் வீட்டுக்கு நடந்தோம்.