ஜன்னலோரத்து ஓமத்தண்ணீர்

இரண்டாவது குடத்தை இடுப்பில் ஏற்றியபோது மதிவதனிக்கு அடிவயிறு சுருட்டிப் பிடித்தது. குடத்தை அடிபம்பு மேடையிலேயே வைத்துவிட்டுக் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு நின்றாள். இன்றைக்குத்தானா வரவேண்டும்?

வாசலில் பெஞ்சு போட்டு, நான்கு பெண்கள் சேலையால் மறைப்புப் பிடித்திருந்தார்கள். அவளுடைய மாமியார் செல்லம்மாளைக் குளிப்பாட்ட வேண்டும். விடியற்காலையில் நெஞ்சு வலிக்கிறது என்று எழுந்து உட்கார்ந்தவள் அப்படியே சாய்ந்துவிட்டாள். நைட் ஷிப்டிலிருந்த மதிவதனியின் கணவன் டில்லிபாபு ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இப்போதுதான் வந்து சேர்ந்திருந்தான்.

"தூரமா யாராவது கீறீங்களாடி?" எதிர்வீட்டுச் சந்திரம்மாள் குரல் கொடுத்தாள். "இருந்தா இப்பவே தள்ளிப் போயிடுங்க. தெரியாம தொட்டுட்டேன்னு அப்பால எங்கிட்ட வந்து நிக்காதீங்க."

சொல்லிவிட்டால் பிணம் போகும்வரை கொல்லையில் உட்கார வேண்டும். அத்தைக்கு ஒரு சொம்புத் தண்ணீர்கூடத் தன் கையால் ஊற்ற முடியாது. மதிவதனி வாய் திறக்காமல் சமையலறைக்குள் போனாள்.

நான்கு வருடத்தில் மாமியாரும் மருமகளும் பேசியதை எண்ணிவிடலாம். இருவருக்குமே பேச வராது. ஆனால் மாதம் ஒருமுறை, சரியாக அந்த நாள் காலையில், ஜன்னலில் தட்டு போட்டு மூடிய டம்ளர் இருக்கும். முந்தின இரவே ஓமத்தை உள்ளங்கையில் கசக்கி வெந்நீரில் ஊறவைத்திருப்பாள் செல்லம்மாள். நாள் கணக்கு மதிவதனிக்குத் தப்பும், அத்தைக்குத் தப்பாது. மருமகளை ஒருநாளும் கொல்லையில் உட்கார வைத்ததில்லை. யாராவது கேட்டால், "மருமவளுக்கு வயிறு சரியில்ல" என்பாள். அவ்வளவுதான்.

பி.எஸ்ஸி. தேர்வில் ஓமத்திலுள்ள தைமால் என்ற வேதிப்பொருளின் வாய்பாட்டை மதிவதனி எழுதியிருக்கிறாள். முறுக்கிய வயிறு அதனால் இளகும் என்பதை இந்த ஜன்னலோரம்தான் தெரிந்துகொண்டாள்.

சீயக்காய் எடுக்க வந்த நாத்தனார் ரத்னா, அங்கே ஜன்னலில் மூடி வைத்திருந்த டம்ளரைக் கையில் எடுத்துக்கொண்டு நின்றிருந்தாள்.

"இன்னா மதி இது? ஓமத்தண்ணி. அம்மா யாருக்கு வெச்சிது?"

ரத்னாவின் பார்வை மதிவதனியின் முகத்திலிருந்து, வயிற்றை அழுத்திக்கொண்டிருந்த கைக்கு இறங்கியது.

"ரத்னா! மருமவ எங்கடி? மொதத் தண்ணி அவதான ஊத்தணும்?" வாசலிலிருந்து சந்திரம்மாள் கத்தினாள்.

ரத்னா தட்டை எடுத்தாள். "எனக்கும் வெக்கும். கல்யாணம் ஆவற வரிக்கும். அப்பால எங்க மாமியா வூட்டுல யாரு வெச்சா?" டம்ளரை நீட்டினாள். "குடி."

"அண்ணி, நான்..."

"நாலு வருசமா பேசாதவ இப்பத்தான் பேசப் போறியா? குடிடி."

மதிவதனி குடித்தாள். ஆறிப்போயிருந்தது. காரம் தொண்டையில் நின்றது.

ரத்னா வாசலைப் பார்த்துக் குரலை உயர்த்தினாள். "தோ வரா, பெரியம்மா! காத்தாலருந்து வயிறு சரியில்ல அவளுக்கு."

மறைப்புக்குள் மதிவதனி முதல் சொம்பை ஊற்றினாள். தலைக்கு எண்ணெய் வைத்தாள். சீயக்காயைக் குழைத்து, தோளிலும் இடது கையிலும் தேய்த்தாள். வலது கையைத் தூக்கியபோது, விரல்களை ஒருமுறை மூக்கருகே கொண்டுபோனாள்.

"இன்னாம்மா?" என்றாள் சந்திரம்மாள்.

"ஒண்ணுமில்ல."

அந்தக் கைக்கு மட்டும் சீயக்காய் வைக்காமல், தண்ணீரை மெதுவாக ஊற்றினாள்.