சிவப்புச் சீட்டும் நீலச் சீட்டும்

1957-இல் டாக்டர் ராஜாராம் போடிக்கு வந்தபோது இரண்டு பெட்டி மாத்திரைகளோடு வந்தார். சிவப்புச் சீட்டு ஒட்டியது காசநோய்க்குப் புதிதாகச் செய்த மருந்து. நீலச் சீட்டு, பழைய மருந்து. எது நன்றாகக் கேட்கிறது என்று ஆறு மாதத்தில் கண்டுபிடிக்க வேண்டும். கம்பவுண்டரான எனக்கு அவர் இட்ட கட்டளை ஒன்றுதான்: எது எந்த மருந்து என்று மூச்சு விடக் கூடாது.

நோயாளிகள் இருபது பேரும் ஏலக்காய் மூட்டைகளை அடுக்கிவைக்கிற ஒரே கிட்டங்கியில் காய் பொறுக்குகிற பெண்கள். குலுக்கல் சீட்டில் பேச்சிக்குச் சிவப்பு விழுந்தது, அவள் நாத்தனார் ஆயம்மாளுக்கு நீலம். இரண்டே மாதத்தில் பேச்சி தெம்பாகிவிட்டாள். ஆயம்மாளுக்கு இருமினால் ரத்தம் வந்தது. பார்க்கப் பாவமாக இருந்தது. கட்டளையை மதித்துச் சும்மா இருந்தேன்.

ஒருநாள் மத்தியானம் கிட்டங்கிக்குப் போனேன். ஒருத்திக்கு நல்ல காயும் இன்னொருத்திக்குச் சொத்தையும் போய்விடக் கூடாதென்று, எல்லா மூட்டையையும் கொட்டிக் கலந்த பிறகே ஆளுக்கொரு முறம் அள்ளுவது அங்கே வழக்கம். அன்று முறத்தில் கிடந்தவை மாத்திரைகள்.

"என்னத்தா பண்றீங்க?"

"நல்லது ஒருத்திக்கு, சொத்தை ஒருத்திக்குன்னா ஞாயமாண்ணே? அதான் கலந்துட்டோம்" என்றாள் பேச்சி.

டாக்டருக்குத் தெரிந்தால் இருபது பேரையும் சோதனையிலிருந்தே நீக்கிவிடுவார். நான் சொல்லவில்லை. அடுத்த மாதம் ஆயம்மாளுக்கு ரத்தம் நின்றது. எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

வாராவாரம் நான் மாத்திரை போட்டுக் கொடுத்த டப்பாக்கள் காலியாகத் திரும்பி வந்தன. "இவ்வளவு ஒழுங்கான நோயாளிகளை மெட்ராஸ்லகூடப் பார்த்ததில்லை" என்று டாக்டர் பூரித்துப்போனார். ஆறாம் மாதம் எல்லார் சளியையும் சோதித்து அறிக்கை எழுதினார்: இரு பிரிவினரும் ஒரே அளவில் தேறியிருக்கிறார்கள்; புதிய மருந்தால் தனிப் பயன் இல்லை. அன்றைக்காவது உண்மையைச் சொல்லியிருக்கலாம். அறிக்கையின் கடைசியில் எனக்கும் நன்றி சொல்லியிருந்தார். வாய் வரவில்லை.

மேலிடத்தில் புதிய மருந்தை நிறுத்திவிட்டார்கள். மிச்சமிருந்த பெட்டியும் திரும்பிப் போனது. இனி எல்லாருக்கும் நீலம்தான்.

அதற்கு மூன்றாம் மாதம் ஆயம்மாள் வந்தாள். முந்தானையில் ரத்தக் கறை.

"எங்களுக்கு நல்லாத்தானேண்ணே கேட்டுச்சு. பெறகு ஏன் நிப்பாட்டுனாங்க?"

"எல்லாருக்கும் ஒண்ணுபோலக் கேட்டதுனாலதான் ஆத்தா."

அவள் நீலச் சீட்டு டப்பாவை வாங்கிக்கொண்டாள்.

"அப்ப இனிமே கலக்குற சோலி இல்ல" என்றாள்.