பசுமைப் பள்ளிக்கு ஒரு ஜெனரேட்டர்

1

இந்தக் கதை ஆத்திரத்தில் பிறந்தது. போன ஏப்ரலில் போடியில் ஒரு புதுக் கட்டடத்தின் முகப்பில் ‘பசுமைக் கட்டடம்’ என்று எழுதியிருந்ததைப் பார்த்தேன். பின்சுவரில் வரிசையாக ஏசி பெட்டிகள். எந்தக் கட்டடம் என்று சொல்ல மாட்டேன். வீட்டுக்கு வந்து அதைப் பள்ளிக்கூடமாக மாற்றி, ராசிங்காபுரம் போகும் வழியில் நிறுத்தி, பானுப்பிரியா என்றொருத்தியை அதை வடிவமைத்தவளாக்கினேன்.

இப்படித் தொடங்கினேன்:

மலையிலிருந்து இறங்கும் காற்று, ஏலத் தோட்டங்களின் மணத்தை —

(நிறுத்திவிட்டேன். காற்றை அழகாக எழுத எழுத, அது நுழைய முடியாத அறையின்மேல் இருந்த கோபம் தணிந்துகொண்டே வந்தது.)

2

பானுப்பிரியாவின் கட்டடம் எளியது. சூளையில் சுட்ட செங்கல் இல்லை. அங்கேயே தோண்டிய மண்ணை அழுத்திச் செய்த கல். சிமெண்டு குறைவு. மேலே ஓடு. கூரையை ஒட்டிச் சுவர் நெடுகத் துளைகள், சூடு ஏறி அவ்வழியே வெளியேற.

காண்டிராக்டர் ஜெபகுமார் மலையில் ஏலக்காய் உலர்த்தும் ஸ்டோர்களைக் கட்டிப் பேர் வாங்கியவர். பானுப்பிரியா வந்து பார்த்தபோது துளைகள் அத்தனையும் பூசி மூடப்பட்டிருந்தன.

“என்னண்ணே இது?”

“ஓட்டை ஓட்டையா இருந்துச்சு மேடம். பயலுக கவனிக்காம விட்டுட்டானுகன்னு நானே நின்னு அடைச்சேன். ஸ்டோர்ல இம்புட்டு ஓட்டை விட்டா முதலாளி என்னைய உள்ள வச்சே காயப் போட்டுருவாரு.”

“இங்க காயப்போறது பிள்ளைகதாண்ணே!”

(ஜெபகுமாரை வில்லனாக்கப் பார்த்தேன், முடியவில்லை. சூட்டை உள்ளே பிடித்து வைப்பதுதானே அவர் தொழில்? வரைபடத்தைப் பார்க்கவில்லையா என்பீர்கள். பார்த்தார். வரைந்தவள் தப்பாகப் போட்டுவிட்டாள் என்று நினைத்தார்.)

3

மறுநாளே உடைத்துத் தருவதாக ஜெபகுமார் சொன்னார். பள்ளி கட்டும் பொறுப்பிலிருந்த அதிகாரி விடவில்லை. அவருக்குப் பெயர் வைக்க எனக்கு மனமில்லை.

“பெயிண்ட் அடிச்சாச்சு, விழா தேதி குறிச்சாச்சு. இப்பப் போய் உடைக்கிறதா? ஏசி போட்டுக்கலாம்மா.”

“கரண்டு போனா, சார்?”

“ஜெனரேட்டர் வரும். டீசல்ல ஓடுறது, பெருசு.* நீங்க ‘குறை கார்பன் கட்டடம்’னு கையெழுத்து மட்டும் போடுங்க. விருதுக்கு அனுப்பணும். உங்க கையெழுத்து இல்லாம திறக்க முடியாது.”

* இந்த வசனத்தை மிகை என்று மூன்று முறை அடித்தேன். மிகை என்னுடையதல்ல என்று தோன்றியதும் திரும்பச் சேர்த்தேன்.

4

முடிவு, முதல் வரைவு: பானுப்பிரியா கடப்பாரையை எடுத்துத் துளைகளை உடைக்கிறாள். எழுதும்போது எனக்கு உடம்பெல்லாம் குளிர்ந்தது. அதனாலேயே கிழித்துப் போட்டேன். குளிர வேண்டியது நானல்ல.

இரண்டாவது: கையெழுத்துப் போட மறுக்கிறாள். உடனே தலைமையாசிரியை கிருபாராணி கதைக்குள் வந்துவிட்டார். நான் கூப்பிடவே இல்லை.

“உனக்கென்ன தாயி, கோவிச்சுக்கிட்டு பஸ்சு ஏறிருவ. ஜூன்ல பிள்ளைகளை நான் எங்க உக்கார வைக்க? அதே தகரக் கொட்டகையிலயா? போன வருசமே மயங்கி மயங்கி விழுந்துச்சுக.”

“இந்த ரூமும் அப்படித்தான் டீச்சர். கரண்டு நின்னுச்சுன்னா...”

“தெரியும். எது வேணும்னு வெரசா சொல்லு.”

பானுப்பிரியா என்னைப் பார்த்தாள். நான் —

5

மூன்றாவது முடிவு என்னிடம் இல்லை. நாளை விழா. அவள் பேனாவுடன் அந்த வகுப்பறையில் நிற்கிறாள். தப்பை மறைக்க, தப்புச் செய்யாத ஒருத்தியின் கையெழுத்துதான் தேவைப்படுகிறது என்பது அவளுக்கு இப்போதுதான் உறைக்கிறது. அவளை அங்கே நிறுத்திவிட்டு நான் மின்விசிறிக்குக் கீழே எழுதிக்கொண்டிருக்கிறேன். இதுவும் நியாயமில்லை.

போடட்டுமா, வேண்டாமா? நீங்கள் சொல்லுங்கள். வெளியே நின்று சொல்லாதீர்கள். மே மாத மதியத்தில் உள்ளே போய், கதவைச் சாத்திக்கொண்டு சொல்லுங்கள். ஏசியைப் போட வேண்டாம்.