கழிப்பறைக்கு வெளியே ஒரு குழாய்

என் கணவர் பேருந்துப் பணிமனையில் மெக்கானிக். அங்கே அவருக்கு 'வாயில்லாப்பூச்சி' என்று பெயர்; நாளடைவில் அது சுருங்கிப் 'பூச்சி' ஆகிவிட்டது. கடையில் உள்ளாடையைக்கூட விரலால் சுட்டிக்காட்டி வாங்கி வருகிற மனுஷர்.

ஒரு கோடையில் அவர் நடை மாறியது. காலை அகட்டி அகட்டி வைத்தார். குளியலறைக்குள் போனால் வெளியே வர மனசில்லை. படுக்கையையும் கூடத்துக்கு மாற்றிக்கொண்டார்.

"ஏங்க, என்மேல கோவமா?"

"அதெல்லாம் இல்ல. அரிப்பு."

"எங்க?"

"அங்க."

"அங்கன்னா? பக்கத்துத் தெருவுலயா?"

சிரித்துவிட்டார். சிரிக்கும்போதே கண் கலங்கியது. "நான் எந்தத் தப்புக்கும் போகலம்மா. நீ வேற மாதிரி நெனச்சிருவியோன்னுதான்..."

"கடைக்காரன்கிட்ட ஜட்டி கேக்கவே உங்களுக்கு வாய் வராது. நீங்க எங்க போய் என்னத்தக் கேட்டிருக்கப் போறீங்க? கெளம்புங்க டாக்டர்கிட்ட."

டாக்டர் பரிசோதித்துவிட்டு, இதுவரை என்னவெல்லாம் போட்டீர்கள் என்று கேட்டார். இவர் தலையைக் குனிந்தபடி ஒப்பித்தார்: சோப்பு, தண்ணீர் கலக்காத கிருமிநாசினி, மருந்துக்கடையில் விரலால் சுட்டிக்காட்டி வாங்கிய ஏதோ களிம்பு, அதன்மேல் பவுடர்.

"தோலு சார் அது, இஞ்சின் இல்ல," என்றார் டாக்டர். வியர்வையும் இறுக்கமான உடுப்பும் சேர்ந்து வரும் படை, சோப்பு ஒத்துக்கொள்ளாமை, சர்க்கரை நோய் என்று இதற்குப் பல காரணங்கள் இருக்கலாம் என்று சொல்லி, ரத்தப் பரிசோதனைக்கும் எழுதினார். பிறகு இவருடைய நகக்கண்களைப் பார்த்தார். கறுப்பாக இருந்தன.

"ஒண்ணுக்குப் போனா கை கழுவுவீங்களா?"

"நல்லா கழுவுவேன் டாக்டர்."

"எப்ப?"

"போய்ட்டு வந்து."

"போறதுக்கு முன்னாடி?"

இவர் தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். டீசல், மண்ணெண்ணெய், கிரீஸ்.

வைத்தியம் எளிமையாகத்தான் இருந்தது. போட்டதை எல்லாம் நிறுத்த வேண்டும். வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவி, தேய்க்காமல் ஒற்றி உலர்த்த வேண்டும். தளர்வான பருத்தி உள்ளாடை, சொறியக் கூடாது. ஒரு வாரத்தில் அடங்காவிட்டாலோ, புண், கொப்புளம், சீழ், வீக்கம், காய்ச்சல் என்று எது தென்பட்டாலோ உடனே வர வேண்டும். பரிசோதனையில் சர்க்கரை நோய் இல்லை என்று வந்தது. எரிச்சல் அடங்கியது, படுக்கை அறைக்குத் திரும்பியது.

ஆனால் இவருக்கு நிம்மதி இல்லை. பணிமனையில் இன்னும் யார் யார் காலை அகட்டி நடக்கிறார்கள் என்பது இப்போதுதான் கண்ணில் பட்டது. குழாய் கழிப்பறைக்குள்ளே, கடைசி மூலையில் இருந்தது. அதை வெளியே கொண்டுவர வேண்டுமென்றால் பணிமனைக் கூட்டத்தில் மேனேஜரிடம் கேட்க வேண்டும். கேட்டால் காரணமும் சொல்ல வேண்டும். வீட்டில் என் முன்னால் நின்று சொல்லிப் பார்த்தார். அந்த ஒரு சொல் வரும்போதெல்லாம் 'அங்க' என்று சொல்லித் தாண்டிவிட்டார்.

கூட்டம் முடிந்த அன்று, கூட வேலை செய்யும் வெல்டர் எங்கள் வீட்டுக்கே வந்து நடித்துக் காட்டினார்.

"'உள்ள ஒண்ணு இருக்கறப்ப வெளிய எதுக்குய்யா குழாய்'னு மேனேஜர் கேட்டாரு அண்ணி. 'பூச்சி பறக்குதுடோய்'னு ஒருத்தன் கத்தறான். அண்ணன் எந்திரிச்சு நின்னு, 'எனக்கு ஆணுறுப்புல தோல் உரிஞ்சு எரிஞ்சிச்சு. என் கையில இருந்த எண்ணெய்தான் காரணம். நாம போய்ட்டு வந்துதான் கை கழுவுறோம், முன்னாடி கழுவணும். இங்க யார் யாருக்கு நடை மாறியிருக்குன்னு எனக்குத் தெரியும். பேரு சொல்லட்டுமா?'ன்னாரு. ஒவ்வொருத்தனா காலைச் சேத்து வச்சு உக்காந்துட்டான் அண்ணி!"

"மேனேஜர்?"

"குழாய்க்கு அப்பவே சரின்னுட்டாரு. அப்புறம் அண்ணனைத் தனியா கூப்ட்டு, 'அந்த டாக்டரு எங்கய்யா இருக்காரு?'ன்னு கேட்டாரு."

இவர் சுவர்ப் பக்கம் திரும்பி நின்றுகொண்டிருந்தார். காது மட்டும் சிவந்திருந்தது.

போன வருஷம் அவர் மாரடைப்பில் போய்விட்டார். அவருடைய கருவிப் பெட்டியை எடுத்துவரப் பணிமனைக்குப் போனேன். கழிப்பறைக் கதவுக்கு வெளியே அந்தக் குழாய் இருந்தது. புதிதாகச் சேர்ந்த ஒருவர் அதைக் கவனிக்காமல் நேரே உள்ளே நுழையப் போனார்.

"யோவ், பூச்சியக் கும்பிட்டுட்டுப் போய்யா!" என்று பேருந்து அடியிலிருந்து ஒரு குரல். அவர் திரும்பி வந்து முழங்கை வரை சோப்புப் போட்டுக் கழுவினார். பக்கத்தில் நின்ற என்னைப் பார்த்து, "இந்தக் குழாய்க்கு எதுக்கு இந்தப் பேரு? யாரும்மா அந்தப் பூச்சி?" என்றார்.

"என் வீட்டுக்காரர்," என்றேன், பேருந்து அடியில் இருப்பவருக்கும் கேட்கும்படி.