பக்கத்துத் தோட்டத்து இலைகள்

பையைக் கவிழ்த்ததுமே எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. மேஜை முழுக்க எலுமிச்சை இலைகள். ஒன்றிலாவது மஞ்சள், ஒன்றிலாவது கருகல்? ம்ஹூம். எல்லாம் எண்ணெய் தடவின மாதிரி மினுங்கின. போனில் அத்தானிடம் படித்துப் படித்துச் சொல்லியிருந்தேன், காய்கிற மரத்து இலை ஒரு பையில், தேறின மரத்து இலை இன்னொரு பையில் என்று. இந்த ஆய்வுக்கூடத்துக்கு வருகிற இலையைக் கழுவி, ஓவனில் உலர்த்தி, மாவாக அரைத்து, புட்டியில் அடைத்துச் சோதனைக்கு அனுப்புவது என் வேலை. எதை அரைத்துக் கொடுக்கிறேனோ அதைத்தான் இயந்திரம் சொல்லும். அக்காவின் தோட்டம் எது, அடுத்தவன் தோட்டம் எது என்று அதற்குத் தெரியுமா?

அக்கா புருஷன் ஸ்டூல் நுனியில் உட்கார்ந்திருந்தார்.

“அத்தான், இது உங்க தோட்டத்து இலையா?”

“எலுமிச்சை இலைதாம்மா.”

“நான் என்ன கேக்கறேன், நீங்க என்ன சொல்றீங்க?”

போன வாரம்தான் அக்கா அழுதாள். மரமெல்லாம் நுனியிலிருந்து காய்ந்துகொண்டு வருகிறதாம், பார்த்தாலே வயிறு எரிகிறதாம். சோதனையில் தேறாது என்று வந்தால் பெட்டியைக் கட்டிக்கொண்டு என் வீட்டுக்கு வந்துவிடுவாளாம். அவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும் என்றாள்.

“பக்கத்துத் தோட்டத்துல பறிச்சேன்,” என்றார் தரையைப் பார்த்து. “நல்லா இருக்குன்னு ஒரு ரிப்போர்ட் குடும்மா. அதைக் காட்டினா அவ இருந்துடுவா.”

என் கையாலேயே என் அக்காவுக்குக் காது குத்தச் சொல்கிறார்! என்ன நெஞ்சழுத்தம்!

“உங்களுக்கு மரம் பிழைக்கணுமா, அவ இருக்கணுமா?”

“அவ இருக்கணும்.”

யோசிக்கவே இல்லை. அதுதான் எனக்கு இன்னும் ஆத்திரத்தைக் கிளப்பியது. இத்தனை வருஷத்தில் இதை அவளிடம் ஒரு தரம் சொல்லியிருப்பாரா இந்த மனுஷன்? மோட்டார் போட்டியா, கதவைச் சாத்தினியா, இதற்கு மேல் அவர் அவளிடம் பேசி நான் கேட்டதில்லை.

இலைகளை வாரிக் குப்பைக்கூடையில் போட்டேன். புதுக் காகிதப் பை இரண்டை அவர் மடியில் வீசினேன்.

“உங்க மரத்துலேர்ந்து கொண்டாங்க. வர்றதுக்குள்ள இப்ப எங்கிட்ட சொன்னதை அவகிட்டச் சொல்லுங்க.”

“அதெல்லாம் எப்படிம்மா...”

“வாயாலதான்!”

பைகளை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போனார். குழாயைத் திறந்து, வரிசையில் அடுத்திருந்த வேறொருவரின் இலைகளைக் கழுவத் தொடங்கினேன். நிமிர்ந்தபோது ஜன்னலுக்கு வெளியே, கேட்டருகே அவர் நின்றிருந்தார். போன் காதில் இருந்தது. வாய் அசையவில்லை.

“பேசித் தொலைங்களேன்!” என்று ஜன்னல் கண்ணாடியைப் பார்த்துக் கத்தினேன்.

அவர் போனை இந்தக் காதிலிருந்து அந்தக் காதுக்கு மாற்றினார்.