ஆளுக்கொரு மைக்

எரோனிக்கு அலுத்துப் போயிருந்தது. தலைநகர் சுவாவிலிருந்து வந்த பஸ் கடலோரச் சாலையில் ஊருக்கு ஊர் நின்று, ஆளை ஏற்றி, ஆளை இறக்கி, மதியத்துக்கு மேல்தான் அவனை வீட்டு வாசலில் தள்ளிவிட்டுப் போனது. கையில் இரண்டு அட்டைப் பெட்டிகள். இரண்டிலும் பாடிப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொண்டு மற்றதைத் திங்கட்கிழமை திருப்பித் தாருங்கள் என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். நல்ல மனுஷன்தான். ஆனால் மைக்கைப் பற்றி அவர் அரை மணி நேரம் பேசியதில் எரோனிக்குத் தலைவலி வந்ததுதான் மிச்சம்.

விஷயம் இவ்வளவுதான். ஒரு பெட்டியில் ஒரே ஒரு குண்டு மைக். நடுவில் வைத்தால் சுற்றியுள்ள அத்தனையையும் கேட்கும். இன்னொன்றில் மூன்று கை மைக்குகள். வாயருகே பிடித்தால் அந்த வாயை மட்டும் கேட்கும். சர்ச் இளைஞர்களிடம் இரவல் வாங்கிய ரெக்கார்டர் உள்ளங்கை அகலம்தான், ஆனால் அதில் மைக் செருக நான்கு துளைகள் இருந்தன. ஒவ்வொரு துளை வழியாக வரும் குரலும் தனித்தனியாகப் பதியும். வேண்டாத குரலை மூடிவிட்டு வேண்டியதை மட்டும் கேட்கலாம்.

சாக்கியுசாவும் இனோக்கேயும் ஏற்கெனவே பாயில் உட்கார்ந்து குடிப்பதற்கு யங்கோனா வேர்ப்பொடியைத் தண்ணீரில் கரைத்துக்கொண்டிருந்தார்கள். சாக்கியுசா எரோனிக்கு மச்சான்; கிடாரும் கீழ்க்குரலும் அவனுடையவை. இனோக்கே கூடப் பிறந்த தம்பி; மேல்குரல். மூன்று பேரும் முழங்கால் இடிக்க வட்டமாக உட்கார்ந்து, தலையைக் குனிந்துகொண்டு, ஓட்டலில் சாயங்காலந்தோறும் வெள்ளைக்காரர்களுக்காகப் பாடுகிறவர்கள். மூன்று வீட்டு அடுப்பும் அந்தப் பாட்டில்தான் எரிந்தது.

"மச்சான், அந்தக் குண்டனை நடுவுல வை. ஒரு பாட்டைப் பாடிட்டுப் படுப்போம். ஆளுக்கொரு மைக்கு பிடிக்க நாம என்ன பார்லிமென்ட்லயா பேசப் போறோம்?" என்றான் சாக்கியுசா.

முதலில் குண்டு மைக்கையே வைத்துப் பார்த்தார்கள். பதிந்ததைப் போட்டுக் கேட்டால், அது எதையும் விட்டுவைக்கவில்லை. சாலையில் போன லாரி, பக்கத்து வீட்டுப் பன்றி, தகரக் கூரையில் சொட்டிய மழை, எல்லாம் பாட்டோடு சேர்ந்து பாடின.

"இடையில ஏதோ உறுமுதே, அது என்ன?" என்றான் எரோனி.

"பன்னி" என்றான் சாக்கியுசா.

"பன்னி இல்ல மச்சான், உன் வயிறு."

"அப்படின்னா என் வயித்துக்கும் ஓட்டல்ல சம்பளம் கேளு."

இனோக்கே தலை நிமிராமல், "எனக்கு இதுவே நல்லா இருக்கற மாதிரிதான் படுதுண்ணே. எல்லாக் குரலும் ஒட்டிக்கிட்டு வருது" என்றான்.

"ஒட்டிக்கிட்டு வந்தா எனக்கு எதுக்கு?" எரோனிக்குச் சலிப்பாக இருந்தது. எத்தனை தரம் சொல்வது? செவ்வாய்க்கிழமை அவன் தொண்டையில் கத்தி வைக்கப் போகிறார்கள். குரல் திரும்பினாலும் திரும்பும், திரும்பாமலும் போகும் என்று டாக்டர் கையை விரித்துவிட்டார். "என் குரல் மட்டும் தனியா வேணும். அதை ஓட்டல் ஸ்பீக்கர்ல போடுங்க. நீங்க ரெண்டு பேரும் பக்கத்துல உக்காந்து கூடப் பாடுங்க. பாட்டை எடுக்க ஆள் இல்லைன்னா மேனேஜர் நம்மளை வீட்டுக்கு அனுப்பிடுவான்."

பாட்டை எடுப்பது என்றால் முதல் வரியைத் தனியாகப் பாடுவது. இரண்டாம் வரியில்தான் மற்றவர்கள் சேர வேண்டும். எடுப்பவன் மூத்தவன். அண்ணன் உட்கார்ந்திருக்கும்போது தம்பி முதலில் வாயைத் திறக்கிற வழக்கம் பாட்டிலும் இல்லை, பேச்சிலும் இல்லை, யங்கோனாச் சிரட்டையை வாங்குவதிலும் இல்லை.

"குண்டன்லயே இன்னொரு தரம் பாத்துடலாமே மச்சான். பன்னியை நான் போய் சமாதானப்படுத்தறேன்" என்றான் சாக்கியுசா.

"உங்க ரெண்டு பேருக்கும் இன்னிக்கு என்ன பேய் பிடிச்சிருக்கு? நான் சொல்றதைச் செய்யுங்க."

எரோனி கை மைக்குகளைச் செருகினான். அதுவும் லேசில் முடியவில்லை. தன் குரல் தனியாக வெளியே கேட்பது இவர்களுக்குக் கூச்சம். பெரிய ஆள் ஆகப் பார்க்கிறான் என்று நாலு பேர் சொல்வார்களே. சாக்கியுசா மைக்கைக் கண்டதும் முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டான். இனோக்கேயோ கல்யாணப் பெண்ணைப் போலப் பின்னால் பின்னால் நகர்ந்தான். கடைசியில் எரோனி அதட்டி, விறகுக் கட்டைகளை நிறுத்தி, அவற்றில் மைக்குகளைக் கயிறு போட்டுக் கட்டினான். பாடினார்கள். பாட்டு மேலே ஏறுகிற இடத்தில் எரோனி கண்ணை மூடிக்கொண்டான். குரல் ஏறியது. இன்னும் இருக்கிறதடா என்று மனசுக்குள் ஒரு நிம்மதி.

பாடி முடித்ததும் ஹெட்போனை மாட்டிக்கொண்டு மற்ற இருவரையும் மூடினான். தன் குரலை மட்டும் திறந்தான்.

முதல் வரி சரியாக இருந்தது. கொஞ்சம் கரகரப்பு, போகட்டும். பிறகு மேலே ஏறுகிற இடம் வந்தது. அங்கே குரலே இல்லை. காற்றுதான் இருந்தது. கிழிந்த பையில் ஊதினது போல ஒரு புஸ். இறங்குகிற இடத்தில் குரல் மறுபடி வந்து சேர்ந்துகொண்டது.

வயர் சரியில்லை என்று நினைத்தான். பிடுங்கித் திரும்பச் செருகினான். திரும்பவும் காற்றுதான். பாடும்போது அவன் காதில் விழுந்த அந்தக் குரல் எங்கே போயிற்று? தன்னை மூடிவிட்டுச் சாக்கியுசாவைத் திறந்தான். கீழ்க்குரல் ஒழுங்காகப் போய்க்கொண்டிருந்தது. இனோக்கேயைத் திறந்தான்.

குரல் அங்கே இருந்தது. இனோக்கே தன் மேல்குரலை விட்டுவிட்டு, அண்ணனுடைய வரியைப் பிடித்து, அண்ணனைப் போலவே கொஞ்சம் இழுத்துப் பாடியிருந்தான். இறங்குகிற இடம் வந்ததும் சத்தமில்லாமல் தன் இடத்துக்குத் திரும்பிவிட்டான்.

எரோனி ஹெட்போனைக் கழற்றினான். மேலே ஏறும்போது உன் குரலைக் காணோமே, சோம்பேறி, தூங்குகிறாயா என்று இனோக்கேயை அவன் எத்தனை நாள் திட்டியிருக்கிறான்! ஒரு தரம் ஓட்டல்காரர்கள் முன்னாலேயே திட்டினான். இனோக்கே வாயில்லாப் பூச்சி போலக் கேட்டுக்கொண்டான். சாக்கியுசா மச்சான், எரோனியின் வழுக்கையை, கடனை, மாமியாரை, எதைச் சொல்லியும் கேலி செய்ய உரிமை உள்ளவன். இந்தக் குரலைப் பற்றி மட்டும் அவன் வாயைத் திறந்ததே இல்லை.

"எவ்வளவு நாளா?" என்றான் எரோனி.

இனோக்கே பாயைப் பார்த்தான். சாக்கியுசாதான் சொன்னான். "போன கிறிஸ்மஸுக்கு முன்னாலேர்ந்து."

"ஏன்டா சொல்லல?"

"எப்படிண்ணே சொல்றது?" என்றான் இனோக்கே.

தனக்குக் கோபம் வர வேண்டும் என்று எரோனி எதிர்பார்த்தான், வரவில்லை. வெட்கமாக இருந்தது. அதைவிட அதிகமாக அசதியாக இருந்தது. அடுப்பு அணையாது, அதற்கு அவன் குரல் வேண்டியதும் இல்லை. நல்ல செய்திதான். நெஞ்சு ஏன் இப்படி வலித்தது என்றுதான் தெரியவில்லை.

கட்டைகளிலிருந்து மூன்று மைக்குகளையும் அவிழ்த்துப் பெட்டியில் போட்டான்.

"திங்கட்கிழமை இதைத் திருப்பிக் குடுத்துடுங்க. குண்டனே போதும்." அதை நடுவில் வைத்தான். இனோக்கேயின் பக்கமாகத் திரும்பினான். "நீ எடு."

இனோக்கே அசையவில்லை. "நீங்க இருக்கும்போது நான் எப்படிண்ணே..."

"இருக்கும்போதே எடு. நான் பாக்கணும்."

"எடுத்துத் தொலைடா, என் கால் மரத்துப் போச்சு" என்றான் சாக்கியுசா. கிடாரைத் தட்டினான்.

இனோக்கே தலையைக் குனிந்துகொண்டு எடுத்தான். முதலில் குரல் நடுங்கியது. பிறகு நிலைத்து நின்றது. நல்ல குரல். எரோனிக்குப் பொறாமையாகவும் இருந்தது, பெருமையாகவும் இருந்தது, எது முந்தியது என்று கேட்டால் சொல்ல முடியாது.

முதல் வரி முடிந்து, மற்றவர்கள் சேர வேண்டிய இடம் வந்தது. சாக்கியுசா சேர்ந்தான். எரோனியும் வாயைத் திறந்தான். வாழ்நாளெல்லாம் எடுத்தே பழகியவனுக்குச் சேர்கிறவன் அங்கே என்ன பாட வேண்டும் என்று தெரியவில்லை. வாயை மூடிக்கொண்டு உட்கார்ந்து கேட்டான். பாட்டு நன்றாகத்தான் இருந்தது.